சுவரில் வரும் கணக்கு தாளில் ஏன் வரவில்லை?

கேள்வி: நான் இருபத்திரண்டு வருஷமாகக் கொத்து வேலை செய்கிறவன். இப்போது ஒரு பயிற்சி மையத்தில் கட்டுவேலை சொல்லித் தருகிறேன். பதினெட்டு பேர் இருக்கிறார்கள், 18 வயதிலிருந்து 25 வரை. பாதிப் பேர் ஐந்தாவது, ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். காலையில் இரண்டு மணி நேரம் ஒரு டீச்சர் கணக்கும் எழுத்தும் சொல்லித் தருகிறார். அதன் பிறகு களம் முழுக்க என் பொறுப்பு. காலை வகுப்புக்கு ஆறு பேர் வந்தாலே அதிசயம், வந்தவர்களிலும் பாதிப் பேர் தூக்கம். களத்துக்கு மட்டும் ஒருத்தர் விடாமல் வந்துவிடுகிறார்கள். நூல் பிடித்து மூலை எடுப்பதில் கெட்டிக்காரனான ஒரு பையன் எழுத்துத் தேர்வில் கணக்கில் பூஜ்யம் வாங்கினான். இன்னொருவனுக்கு எழுதப் படிக்கவே வராது என்று நினைக்கிறேன், கேட்டால் மழுப்புகிறான். காலை வகுப்பை எடுத்துவிட்டு முழு நாளும் வேலை பழக்கினால் என்ன? நானே ஐந்தாம் வகுப்புதான். இதைச் சொன்னதிலிருந்து டீச்சர் என்னோடு பேசுவதில்லை.

பதில்:

அன்புள்ள மேஸ்திரி அவர்களுக்கு,

காலை வகுப்பை எடுத்துவிடலாம். பாடத்தை எடுத்துவிடாதீர்கள்.

"நானே ஐந்தாம் வகுப்புதான்" என்ற வரியை எத்தனையோ மேஸ்திரிகள் வாயால் கேட்டிருக்கிறேன். பாதி பெருமை, பாதி மனத்தாங்கல். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வேலைக்கு இத்தனை கல், இத்தனை மூட்டை என்று யாரையும் கேட்காமல் நீங்களாகவே கணக்குச் சொல்லத் தொடங்கியது வேலைக்கு வந்த எத்தனையாவது வருஷத்தில்? எட்டு, பத்து என்றுதான் பெரும்பாலானவர்கள் எனக்குச் சொன்னார்கள். கணக்குப் படிக்காமல் நீங்கள் கொத்தனார் ஆகவில்லை. சொல்லித்தர ஆளில்லாமல், திட்டு வாங்கி, கட்டியதை இடித்து மறுபடி கட்டி, பத்து வருஷம் படித்தீர்கள். உங்கள் பையன்களிடம் அவ்வளவு காலம் இல்லை.

பூஜ்யம் வாங்கியவனை முதலில் பார்ப்போம். டெரெசின்யா நூனெஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் நடத்திய ஓர் ஆய்வை 1985இல் வெளியிட்டார்கள். தெருவில் வியாபாரம் செய்யும் ஐந்து பிள்ளைகளிடம் பொருள் வாங்குகிறவர்கள் மாதிரி போய்க் கணக்குக் கேட்டார்கள். "இது பத்து எடுத்தால் எவ்வளவு? மீதி எவ்வளவு தருவாய்?" நூற்றுக்கு 98 விடை சரி. பிறகு அதே மாதிரிக் கணக்குகளைக் காகிதம், பென்சிலோடு உட்காரவைத்துக் கேட்டார்கள். கதை போலச் சொன்ன கணக்கில் 74 சதவீதம்தான் சரி. வெறும் எண்ணாகக் கொடுத்தபோது 37. பிள்ளைகளும் அவர்களே, கணக்கும் அதே மாதிரிதான்.

ஆகவே உங்கள் பையனுக்குக் கணக்கு தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவனுக்குத் தெரிந்தது கயிற்றிலும் முளையிலும் இருக்கிறது. அதைத் தாளுக்குக் கொண்டுவர யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நான் செய்த இரண்டு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சியாசிரியராகச் சேர்ந்த முதல் வருஷம் பரப்பளவு, கன அளவு என்று கரும்பலகையில் மாதக்கணக்கில் எழுதித் தள்ளினேன். உங்கள் டீச்சருக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது, வகுப்பே தூங்கியது. மறு வருஷம் கோபத்தில் கரும்பலகையைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் களத்திலேயே சொல்லித் தந்தேன். அந்த வருஷம் பையன்கள் உற்சாகமாக இருந்தார்கள், சுவர்களும் நேராக நின்றன, எழுத்துத் தேர்வில் முக்கால்வாசிப் பேர் தோற்றார்கள். அப்போதுதான் புரிந்தது. பாடத்தைச் சுவருக்குள் வைப்பது பாதி வேலை. வைத்ததைச் சுவரிலிருந்து உரித்துத் தாளுக்குக் கொண்டுவருவது மீதிப் பாதி. அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்காவிட்டால் பாடம் சுவரோடு நின்றுவிடும். நீங்கள் கேட்கும் "முழு நாளும் வேலை" என்னுடைய இரண்டாம் வருஷத்துத் தப்பு.

இப்போது நான் போகும் வரிசை கை, வாய், தாள். முதலில் கை செய்யும். அடுத்து, செய்ததை இன்னொருவனுக்கு வாயால் சொல்ல வேண்டும். கடைசியில்தான் தாள். நடுவில் இருக்கும் வாயைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். கையிலிருந்து நேரே தாளுக்குத் தாவச் சொன்னால் பையன் கீழே விழுகிறான்.

உங்கள் மூலை எடுக்கும் பையனிடமே செய்து பாருங்கள். ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் நான்கு, மூலைக்கு மூலை ஐந்து வந்தால் மூலை மட்டம், அதாவது சரியான செங்கோணம் என்று அவனுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் "அப்படித்தான் மேஸ்திரி" என்பான். களத்தில் சதுர டைல்ஸ் கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், உடைந்தது வேண்டாம், எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும். மூன்று டைல்ஸ் நீளம், நான்கு டைல்ஸ் நீளம், ஐந்து டைல்ஸ் நீளம் என்று பக்கம் வைத்துத் தரையில் ஒரு முக்கோணம் கீறச் சொல்லுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் ஒட்டி வெளிப்புறமாக டைல்ஸைச் சதுரமாக அடுக்கச் சொல்லுங்கள். சின்னப் பக்கத்தில் 9 வரும், அடுத்ததில் 16, நீளமானதில் 25. முதல் இரண்டையும் எடுத்து மூன்றாவதன் மேல் வைக்கச் சொல்லுங்கள். ஒன்றுகூட மிஞ்சாது, ஒன்றுகூடக் குறையாது. அப்போது அவன் முகத்தைப் பாருங்கள். பிறகு இதைப் பக்கத்தில் நிற்பவனுக்கு அவனே விளக்கட்டும். கடைசியாகத் தாளில் 5, 12 என்று மட்டும் எழுதிக் கொடுத்து மூலைக்கு மூலை எவ்வளவு என்று கேளுங்கள். கயிறு கிடையாது, முளை கிடையாது. 25ம் 144ம் சேர்ந்தால் 169, அதனால் 13 என்று அவன் சொன்னால் பாடம் சுவரை விட்டு வெளியே வந்துவிட்டது. தேர்வில் வரும் 6, 8 அதற்கப்புறம் அவனுக்கு ஒரு பொருட்டே அல்ல.

இதே போல விகிதம். பின்னத்தில் எங்கே தடுக்குகிறார்கள் என்று டீச்சரைக் கேளுங்கள். நாலில் ஒன்று பெரியதா, ஆறில் ஒன்று பெரியதா என்றால் பாதி வகுப்பு "ஆறு" என்று கை தூக்கியிருக்கும். ஆறு பெரிய எண்ணாயிற்றே! அதே பையன்களைக் களத்தில் நிறுத்தி, ஒன்றுக்கு நாலு கலவை கெட்டியா, ஒன்றுக்கு ஆறு கெட்டியா என்று கேளுங்கள். ஒருத்தன் தப்பாகச் சொல்ல மாட்டான். மணல் ஏற ஏறச் சிமெண்டின் பங்கு இளைக்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். கீழே இருக்கும் எண் பெரிதானால் பங்கு சிறிதாகும் என்று புத்தகம் சொல்வதும் அதையேதான்.

கெட்டிக்காரனும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஒன்றுக்கு ஆறு கலவையில் சிமெண்ட் எத்தனையில் ஒரு பங்கு? "ஆறில் ஒன்று" என்று உடனே சொல்வார்கள். பெட்டிகளை வரிசையாக வைத்து எண்ணச் சொல்லுங்கள். சிமெண்ட் ஒரு பெட்டி, மணல் ஆறு பெட்டி, ஆக மொத்தம் ஏழு. சிமெண்ட் ஏழில் ஒன்று. விகிதம் வேறு, பின்னம் வேறு என்பதைப் பலகையில் விளக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஏழு பெட்டியை வைத்து விளக்கப் பத்து நிமிஷம்.

சதவீதத்துக்கு ஈர மணலை விடச் சிறந்த வாத்தியார் கிடையாது. கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் ஈர மணலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தளர்வாகப் போடுங்கள். தண்ணீர் ஊற்றி நன்றாக மூழ்கடித்துக் கிளறி, படியவிடுங்கள். மணல் மட்டம் இறங்கும். 16க்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். மணல் எங்கும் போகவில்லை. ஈரம் ஒவ்வொரு மணியையும் சுற்றிப் படலமாக ஒட்டிக்கொண்டு மணிகளைத் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தது, முழுக்க மூழ்கியதும் அந்தப் பிடி விட்டுப்போனது. இப்போது கேளுங்கள், ஈரத்தால் மணல் எத்தனை சதவீதம் உப்பியிருந்தது? 20இல் 4, அதனால் 20 சதவீதம் என்று சிலர் சொல்வார்கள். 16இல் 4, அதனால் 25 என்று சிலர். அடிதடி நடக்காத குறையாக விவாதம் நடக்கும். நடக்கட்டும். எதிலிருந்து உப்பியது என்பதுதான் அடிப்படை, அதனால் 25தான் சரி என்று கடைசியில் அவர்களே வந்து சேர்வார்கள். அடுத்த கேள்வியில்தான் காசு இருக்கிறது. இந்த மணலைப் பெட்டியால் ஆறு அளந்தால் உண்மையில் எத்தனை பெட்டி? ஆறை 1.25ஆல் வகுத்தால் 4.8. ஒன்றுக்கு ஆறு என்று நினைத்துக் கலந்தது ஒன்றுக்கு ஐந்தைக்கூட எட்டவில்லை, அத்தனையும் வீண் சிமெண்ட். மேஸ்திரி, இது உங்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும், ஈர மணல் என்றால் ஒரு சட்டி கூடப் போடுவீர்கள். அந்த ஒரு சட்டி எவ்வளவு என்று கணக்காகச் சொல்ல முடிகிறவனை யாரும் சீக்கிரம் ஏமாற்ற முடியாது.

கல் எண்ணிக்கை எளிது, சுருக்கமாகச் சொல்கிறேன். 190க்கு 90க்கு 90 மில்லிமீட்டர் செங்கல்லுக்கு 10 மில்லிமீட்டர் சாந்தும் சேர்ந்தால் 200க்கு 100க்கு 100. ஒரு மீட்டர் நீளத்துக்கு ஐந்து கல், ஒரு மீட்டர் உயரத்துக்குப் பத்து வரி, ஆக அரைக்கல் சுவரில், அதாவது கல்லின் அகலமே கனமாக நிற்கும் சுவரில், ஒரு சதுர மீட்டருக்கு 50 கல். கல்லின் நீளமே கனமாக வரும் ஒரு கல் கனச் சுவருக்கு 100. மூன்று மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரம், ஒரு கல் கனம் என்றால் 360. சேதாரம் ஐந்து சதவீதம் சேர்த்தால் 378. கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவனும் தன் மதிப்பை நோட்டில் எழுதட்டும். கட்டி முடித்ததும் மிஞ்சிய கல்லை எண்ணிப் பக்கத்திலேயே எழுதட்டும். இரண்டு எண்ணும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு வரி எழுதச் சொன்னால் எழுத்துப் பாடமும் அதிலேயே ஆயிற்று.

பழகுவதற்குச் சிமெண்ட் வேண்டாம். சுண்ணாம்பும் மணலும் போதும், மாலையில் பிரித்துக் கல்லைத் துடைத்து மறுநாளும் கட்டலாம். சுண்ணாம்பானாலும் சிமெண்டானாலும் வெறுங்கையால் கலக்க விடாதீர்கள், இரண்டும் தோலை அரிக்கும். மூட்டையில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையை உரக்கப் படிக்கவைத்தால் அதுவும் ஒரு வாசிப்புப் பாடம். தயாரித்த தேதியையும் படிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதம் தாண்டிய சிமெண்டைச் சோதிக்காமல் எடுக்கக் கூடாது என்பதால் அன்றைய தேதியிலிருந்து கழித்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நேரத்தைப் பற்றி ஒரு கண்டிப்பு. கலவையில் தண்ணீர் ஊற்றிய பிறகு பாடம் எடுக்காதீர்கள். சிமெண்ட் கலவை வாத்தியாருக்காகக் காத்திருக்காது, பையன்களுக்கும் கண் பூராவும் சட்டியில்தான் இருக்கும். வேலை தொடங்கும் முன் இருபது நிமிஷம், வேலை முடிந்து கரணை கழுவிய பிறகு அரை மணி நேரம். முன்னால் மதிப்பிடுவது, பின்னால் தாளில் எழுதுவது. இரண்டு மணி நேரம் உட்காரவைத்ததை விட இந்த ஐம்பது நிமிஷம் அதிகம் தரும். தேர்வு நெருங்கும்போது வாரத்துக்கு ஒரு நாள் முழுப் பாட வேளை வைத்துக்கொள்ளுங்கள். வினாத்தாளின் நடைக்கும் பழக வேண்டும், அதற்குச் சுவர் உதவாது.

டீச்சர் விஷயம்தான் எனக்கு உண்மையில் கவலை. அவர் காலையில் வகுப்பறையில், நீங்கள் பிறகு களத்தில் என்று இருக்கும் வரை நான் மேலே சொன்னது எதுவும் நடக்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கல்லூரிகளில் ஐ-பெஸ்ட் என்று ஒரு திட்டம் 2004 வாக்கில் தொடங்கியது. தொழில் சொல்லித் தருகிறவரும் அடிப்படைக் கல்வி சொல்லித் தருகிறவரும் ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்க வேண்டும், வகுப்பு நேரத்தில் குறைந்தது பாதியாவது இருவரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. பாடத்திட்டத்தை மட்டும் கலந்தால் போதாது, ஆட்களும் கலக்க வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். உங்கள் மையத்தில் தினமும் ஐம்பது நிமிஷம் இருவரும் ஒரே இடத்தில் நின்றால் போதும். போய்ப் பேசுங்கள். வகுப்பை எடுத்துவிடலாம் என்று நீங்கள் சொன்னது, உங்கள் வேலை வேண்டாம் என்று அவர் காதில் விழுந்திருக்கும். மன்னிப்புக் கேட்டு நிற்கத் தேவையில்லை. "டீச்சர், ஏழில் ஒன்றா, ஆறில் ஒன்றா என்று பையன்கள் குழம்புகிறார்கள், களத்துக்கு வந்து கொஞ்சம் பாருங்கள்" என்றால் வந்துவிடுவார்.

மழுப்பும் பையன். அவனைப் பலர் முன்னால் படிக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள், மறுநாளே வர மாட்டான். எழுதப் படிக்கத் தெரியாததை இத்தனை வருஷம் மறைத்து வந்தவனுக்கு எத்தனை தந்திரம் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள். கண் வலி என்பான், நோட்டை மறந்தேன் என்பான், பக்கத்தில் இருப்பவன் எழுதியதை வரைந்து காட்டுவான். நான் பார்த்த ஒருவன் கையில் பொய்க்கட்டே போட்டு வந்தான். தனியாக, வேலை முடிந்த பிறகு, நீங்களே பேச்சை எடுங்கள், டீச்சர் அல்ல. "எனக்கும் பிளான் படிக்க வராமல்தான் இருந்தது" என்று உங்களால் சொல்ல முடியும். அவரால் முடியாது.

அவனுக்கு அரிச்சுவடியைக் கொடுக்காதீர்கள், இருபது வயதுக்காரனுக்கு அது அவமானம். 1963இல் பிரேசிலில் பவுலோ ஃபிரெய்ரே என்ற கல்வியாளர் ஆங்ஜிக்கோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் திட்டத்தை நடத்தினார். உழைக்கிறவர்கள் வாயில் தினமும் புழங்கும் சொற்களை எடுத்து, அவற்றைப் பேசிப் பேசிப் பிறகு அசை அசையாகப் பிரிப்பது அவர் வழி. அவருடைய முறையை விளக்குகிறவர்கள் எல்லோரும் எடுத்துக்காட்டும் சொல் 'திஜோலோ'. அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? செங்கல். நமக்கு இன்னும் வசதி. கல், கரணை, கலவை, கம்பி, கட்டு என்று பாதிக் களம் 'க'வில்தான் தொடங்குகிறது. சட்டி, சல்லடை, சாந்து, சாரம் என்று நாலு நாளில் 'ச'வும் 'சா'வும் வந்துவிடும். மணல் என்று எழுதத் தெரிந்துவிட்டால் அதிலிருந்து மட்டம், மண், மரம். கருவி மாட்டும் பலகையில் ஒவ்வொரு கருவியும் தொங்கும் ஆணிக்கு மேல் அதன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். மாலையில் கருவிகளை எண்ணி வாங்கி வைக்கும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். பெயரைப் பார்த்துத்தான் மாட்டியாக வேண்டும். யாரும் அவனுக்குப் பாடம் நடத்துவதாகத் தெரியாது.

டீச்சர் களத்துக்கு வரும் முதல் நாளுக்கு ஒரு யோசனை, சொந்த அனுபவத்தில் சொல்வது. அவர் கையில் கரணையைக் கொடுத்து நாலு வரி கட்டச் சொல்லுங்கள். பையன்கள் சொல்லித்தரட்டும், நீங்கள் வாய் திறக்காதீர்கள். சுவர் கண்டிப்பாகக் கோணலாக வரும். உடனே பிரிக்க வேண்டாம். தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் பையன்களிடம் கொடுத்து, எந்த வரியில் எத்தனை மில்லிமீட்டர் வெளியே போயிருக்கிறது, ஒட்டு எங்கே தடித்திருக்கிறது, செங்குத்து ஒட்டு எங்கே ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறது என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். கட்டுவேலையே தெரியாத ஒரு டீச்சரோடு நான் இதைச் செய்தபோது, அதுவரை நோட்டைத் தொடாதவர்கள் கூட ஒரு பக்கம் போதாமல் இரண்டாம் பக்கத்துக்குப் போனார்கள். அந்தத் தாள்களை டீச்சர் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தார். அவருடைய சுவரைப் பையன்கள் பிரித்துச் சரியாகக் கட்டிக் கொடுத்தார்கள்.